காலி வீட்டில் அம்மாவின் குரல்

என் துப்பறியும் நாவலின் பதினான்காம் அத்தியாயத்தில் ஒரு கிழவி சாட்சி சொல்ல வேண்டும். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை அவள் வாயைத் திறக்கவே இல்லை.

அந்த நான்கு மாதத்தில் நான் பதினாறு வருஷம் பார்த்த டீச்சர் வேலையை விட்டேன். பத்திர எழுத்தர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். கும்பகோணத்தில் பன்னிரண்டு வருஷம் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு மயிலாடுதுறைக்கு வந்தேன். "எல்லாத்தையும் ஒரே சமயத்துல இழுத்துப் போட்டுக்கணுமா, நாவலையாவது தள்ளி வையேன்" என்று சொல்லாத சொந்தக்காரர்கள் இல்லை. தள்ளி வைக்க முடியவில்லை. பதிப்பாளருக்கு ஆகஸ்ட் கடைசிக்குள் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதைவிட, ஒரு மனிதரைக் கொன்று மதகுக்கு அடியில் போட்டுவிட்டு, ஏன் செத்தார் என்று சொல்லாமல் விட மனசு வரவில்லை.

முடிவைச் சொல்லாமல் கதையைச் சொல்கிறேன். ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடைப் பக்கம் ஒரு கிராமம். செத்தவர் ஓய்வுபெற்ற லஸ்கர். வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் பக்கம் மதகையும் வாய்க்கால் தண்ணீரையும் பார்த்துக்கொள்ளும் நீர்வளத் துறை (2021 வரை பொதுப்பணித் துறை) ஊழியருக்கு லஸ்கர் என்றுதான் பெயர். எந்த ஷட்டரை எத்தனை சுற்று திருகினால் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் போய்ச் சேரும் என்பது அவருக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. அப்படிப்பட்டவரின் உடல், தண்ணீர் இல்லாத வாய்க்காலில் ஒரு மதகின் அடியில் மண் மூடிக் கிடக்கிறது.

கொன்றவன் தண்ணீரை நம்பியிருந்தான். மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். மூன்று நாளில் தண்ணீர் கல்லணைக்கு வரும். அங்கே பிரித்து விட்டபின் வெண்ணாறு, அரசலாறு, வீரசோழன் என்று கிளை கிளையாகப் புகுந்து கடைமடையைத் தொட இன்னும் பல நாள் ஆகும். ஜூன் 30 இரவு உடலைப் போட்டால், ஜூலை முதல் வாரம் வருகிற புதுத் தண்ணீர் வண்டலையும் சருகையும் தள்ளிக்கொண்டு வந்து மூடிவிடும் என்பது அவன் கணக்கு. ஆனால் அது 2024. அந்த வருஷம் அணையில் தண்ணீர் போதாமல், மேட்டூரைத் திறந்ததே ஜூலை 28-இல்தான். எங்கள் ஊரில் பால்காரருக்கும் டீக்கடைக்காரருக்கும் காலையில் முதல் பேச்சு அணையின் நீர்மட்டம். அதைக் கேட்காமல் காலண்டரை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டவன் இந்த மண்ணில் இருப்பவனாக இருக்க முடியாது. இது மூன்றாம் அத்தியாயத்திலேயே வந்துவிடும், அதனால் இங்கே சொல்வதில் தவறில்லை.

ஜூன் 30-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜூலை 1, 2024 அன்றுதான் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. நாமெல்லாம் சினிமா பார்த்தே மனப்பாடம் செய்துவைத்திருந்த கொலைக்கான 302, ஒரே ராத்திரியில் 103 ஆனது. குற்றம் நடந்தது நள்ளிரவு 12-க்கு முன்னால் என்றால் பழைய சட்டப் பிரிவு, பின்னால் என்றால் புதியது. தண்டனை என்னவோ இரண்டிலும் ஒன்றுதான், ஆயுள் அல்லது தூக்கு. ஆனால் வழக்குப் பதிய உட்காரும் என் இன்ஸ்பெக்டருக்கு அந்த மனிதர் எத்தனை மணிக்குச் செத்தார் என்பது தெரிந்தே ஆக வேண்டும். துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு இப்படி ஒரு ராத்திரி வாழ்நாளில் ஒரு முறைதான் கிடைக்கும்.

அதைச் சொல்ல வேண்டியவள் பக்கத்து வீட்டுக் கிழவி. இரண்டு கண்ணிலும் புரை. காது மட்டும் பாம்புக் காது. லஸ்கர் வீட்டுச் சாமான்களை ஜூலை 2-ஆம் தேதிதான் ஏற்றினோம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது பொய், ஜூன் 30 பொழுது சாயும்போதே வீடு காலியாகிவிட்டது. பார்க்காத கிழவி இதை எப்படிச் சொல்வாள்? லாரி சத்தம் கேட்டது என்று எழுதினேன், அடித்தேன். தெருவில் லாரி வந்தால் அவளுக்கு மட்டுமா கேட்கும்? பீரோவை இழுத்த சத்தம் என்று எழுதினேன். வீடு பெருக்கக்கூட பீரோவை இழுப்பார்கள். அதையும் அடித்தேன். மார்ச் மாதம் அப்படியே போனது.

மார்ச்சில்தான் என் குரலும் போனது.

பிளஸ் டூ வேதியியல். ஒரு நாளைக்கு ஆறு பீரியட், வகுப்புக்கு ஐம்பது பிள்ளைகள், தலைக்கு மேல் ஆறு மின்விசிறி. பொதுத்தேர்வு நேரத்தில் மாலை வகுப்பும் சேரும். இரண்டு வருஷமாகவே சாயங்காலமானால் குரல் கரகரவென்று ஆகிவிடும். வெந்நீர், பனங்கற்கண்டு, சித்தரத்தை என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வருகைப் பதிவு எடுக்கும்போது பாதிப் பெயர் காற்றாக வந்தது. மருத்துவர் கேமரா விட்டுப் பார்த்தார். குரல் நாண்கள் இரண்டிலும் எதிரெதிராகச் சின்ன முடிச்சு. மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்பு விழுவது மாதிரி, ஓயாமல் உரத்துப் பேசுகிற குரல் நாணிலும் காய்ப்பு விழும் என்று விளக்கினார். டீச்சர்களுக்கு நிறைய வருமாம். கிசுகிசுவென்று பேசிச் சமாளிக்கட்டுமா என்று எழுதிக் காட்டினேன். அதுவும் குரலுக்குச் சுமைதான், பேசாமல் இருங்கள் என்றார்.

பேசாமல் பாடம் நடத்த முடியாது. ஓய்வும் பயிற்சியும் சேர்ந்தால் குரல் திரும்பும், ஆனால் மறுபடி அதே ஆறு பீரியடுக்குப் போனால் மறுபடி காய்க்கும். கணவர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார், மாதம் இரண்டு முறை வருவார். மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். ஒரு வாரம் யோசித்துவிட்டு ஏப்ரல் கடைசியில் வேலையை விட்டேன். கடைசி நாள் பிள்ளைகள் பேசச் சொல்லிக் கேட்டார்கள். கரும்பலகையில் எழுதிவிட்டு வந்தேன்.

அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் மயிலாடுதுறையில் பத்திர எழுத்தர். கண் மங்கிவிட்டது, எழுத்துப் பிழை இல்லாமல் தட்டச்சு செய்து, பழைய பத்திரங்களைச் சரிபார்த்துத் தர ஆள் வேண்டும் என்றார். சம்பளம் பள்ளிக்கூடத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் நாள் முழுக்க வாயைத் திறக்க வேண்டாம். மே மாதம் கும்பகோணத்திலிருந்து ரயிலில் போய்வந்தேன். திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கம்பேட்டை, குத்தாலம். அந்த முக்கால் மணி நேரம்தான் எனக்கு எழுதக் கிடைத்த நேரம். நீளமான 200 பக்க நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவேன். நரசிங்கம்பேட்டை வரும்போது மட்டும் தலை நிமிரும். ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிற ஊர் அது. ஒரு மரக்கட்டையின் உள்ளே குடைந்தெடுத்த வெற்றிடம்தான் குரலாகிறது என்று எத்தனையோ முறை நினைத்துக்கொண்டு அந்த ஸ்டேஷனைக் கடந்திருக்கிறேன். என் கிழவிக்கான பதில் அதிலேயே இருந்திருக்கிறது. அப்போது புரியவில்லை.

பத்திர ஆபீஸ் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அது இவ்வளவு பிடித்துப்போகும் என்று எதிர்பார்க்கவில்லை. முதல் நாள் சார் என் கையில் கொடுத்தது ஒரு பழைய கிரயப் பத்திரம். தாள் வெற்றிலைச் சருகு மாதிரி மடிப்பில் விண்டுபோயிருந்தது. ஊதா மை. கீழே இடது பெருவிரல் ரேகை ஒன்று, மை காயும் முன்பே கையை எடுத்திருக்கிறார்கள் போல, ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. சொத்து விவரத்தில் "கீழ்மேல் ஜாதியடி 22, தென்வடல் ஜாதியடி 96, இதற்குட்பட்ட மனையும் அதிலுள்ள ஓட்டு வீடும், கிணற்றில் பொதுவில் பாதியும்" என்று இருந்தது. கிணற்றில் பாதியை எப்படி விற்பார்கள் என்று கேட்டேன். சார் சிரித்தார்.

"டீச்சர், அதுல பெரிய கதை இருக்கும். அண்ணந்தம்பி வீட்டை ரெண்டாப் பிரிச்சுக்கலாம், கிணத்தைப் பிரிக்க முடியாதுல்ல."

அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். நான்கெல்லையை வாய்விட்டு ஒரு முறை, மனசுக்குள் ஒரு முறை படிக்கச் சொல்வார். "அளவு முன்னப்பின்ன இருந்தாலும் எல்லை சரியா இருந்தா நிக்கும். எல்லை தப்பாப் போச்சுன்னா பேரப்புள்ள காலம் வரைக்கும் கோர்ட்டுதான்." வடக்கில் யாருடைய கொல்லை, தெற்கில் எந்த வாய்க்கால், கிழக்கில் எந்தத் தெரு. ஐம்பது வருஷத்துக்கு முன் செத்துப்போனவரின் பெயர் இன்னும் ஒரு வீட்டுக்கு மேற்கு எல்லையாக நிற்கிறது. வயல் என்றால் குழியும் மாவும் வேலியும் வரும். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஏக்கரும் சென்டும் வந்து இத்தனை காலமாகியும் எங்கள் விவசாயிகள் வாயில் மாக்கணக்குதான். உயிலுக்கு முத்திரைத் தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, ஆனால் இரண்டு சாட்சி இல்லாமல் செல்லாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். அடுத்த நாவல் அதில் இருக்கிறது.

1879-இல் தமிழின் முதல் நாவலை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை இதே மயிலாடுதுறையில், அன்றைய மாயூரத்தில், முன்சீப்பாக இருந்தவர். பகலில் பத்திரமும் வழக்கும், மற்ற நேரத்தில் கதை. மதியம் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிடும்போது இதை நினைத்தால் எனக்கு உடம்பில் ஒரு தெம்பு வரும்.

தினமும் போய்வருவது கட்டவில்லை. ஆடிக்கு முன்னால், அதிலும் ஆனி பிறப்பதற்கு முன்னால் வீடு மாற வேண்டும் என்று அம்மா நாள் குறித்துவிட்டாள். வைகாசி கடைசியில் ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் புது வீட்டில் பால் காய்ச்சினோம். சாமி படம், விளக்கு, ஒரு படி நெல், உப்பு, மஞ்சள், நிறைகுடம். அந்த வியாழக்கிழமை சாமான் ஏற்றக் குட்டி யானை வந்தது.

பன்னிரண்டு வருஷச் சாமான். 2016 மகாமகத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் பத்தொன்பது பேர் அந்தக் கூடத்தில்தான் வரிசையாகப் படுத்தார்கள். அவர்களுக்காக வாங்கிய கோரைப் பாய்கள் பரணிலிருந்து கட்டுக் கட்டாக இறங்கின. பித்தளை அண்டாவைத் தூக்க இரண்டு பேர். பழைய துடைப்பத்தைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அம்மா அதை மட்டும் மூலையில் சார்த்திவைத்தாள். என் கவலையெல்லாம் பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர். நாவலின் கால வரிசையை, எந்த மணிக்கு யார் எங்கே என்று, 42 துண்டுச் சீட்டில் எழுதி அங்கே ஒட்டியிருந்தேன். மகள் ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் பென்சிலால் எண் போட்டு, பிய்த்து, என் டிபன் டப்பாவில் அடுக்கினாள். "அம்மா, 31-ஆம் நம்பர்ல ஒண்ணுமே எழுதல" என்றாள். அதுதான் கிழவியின் சீட்டு.

மதியம் மூன்று மணி இருக்கும். கடைசி நடை ஏற்றியாகிவிட்டது. சமையலறையில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். அம்மா திண்ணையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏண்டி, எல்லாத்தையும் எடுத்தாச்சா?"

அது அம்மாவின் குரலாக இல்லை. நாற்பத்து மூன்று வருஷமாகக் கேட்கிற குரல். ஆனால் ஆழத்திலிருந்து வந்தது, வார்த்தையின் வால் சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த வார்த்தையின் மேல் விழுந்தது. யாரோ அம்மா மாதிரிப் பேசுகிறார்கள் என்று ஒரு நொடி உடம்பு சிலிர்த்தது. கூடத்துக்கு ஓடிவந்தேன்.

"அம்மா, இன்னொரு தடவ சொல்லு."

"என்னத்த?"

"இப்பச் சொன்னதையே சொல்லு. அங்கேருந்தே."

சொன்னாள். நான் தெருவுக்குப் போய் நின்றுகொண்டு உள்ளே போய்ப் பேசச் சொன்னேன். பக்கத்து வீட்டு அத்தாச்சியின் அனுமதி கேட்டு, அவர்கள் கொல்லைப்புறம் போய்ச் சுவரோரம் நின்று மறுபடி பேசச் சொன்னேன். அங்கேயும் கேட்டது. எங்கள் அடுப்படி ஜன்னல் வழியாக, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. குட்டி யானை ஓட்டுகிற தம்பி "அக்கா, நேரமாவுது" என்றார். ஒரு நிமிஷம் தம்பி என்றேன். எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

வேதியியல் டீச்சராக இருந்தாலும் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலும் தெரியும். மெத்தை, துணி, பாய், புத்தகம், நெல் மூட்டை எல்லாம் ஒலியை வாங்கிக்கொள்ளும். அவை போய்விட்டால் வெறும் சுவரும் தரையும் அதைத் திருப்பி அனுப்பும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்த வீட்டில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, ஒரு பிற்பகலில் அதைக் காலியாகக் கேட்டால்தான் அது உடம்புக்குத் தெரிகிறது. என் கிழவி கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை. ஜூன் 30 ராத்திரி லஸ்கரின் குரலைக் கேட்டால் போதும். முப்பது வருஷம் பக்கத்தில் இருந்தவளுக்குக் குரல் மாறிப்போனது தெரியும். ஏன் மாறியது என்று அவளுக்குத் தெரிய வேண்டாம், இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்தால் போதும்.

வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து, டிபன் டப்பாவைத் திறந்து 31-ஆம் சீட்டில் எழுதினேன்.

ஆனாலும் எழுத உட்காரவில்லை. ஒன்றைச் சோதிக்க வேண்டியிருந்தது. புது வீடு மாடி போர்ஷன், இரண்டு அறை. தினமும் இரவு ஒன்பது மணிக்கு அம்மாவை அதே இடத்தில் நிற்கவைத்து அதே வாக்கியத்தைச் சொல்லச் சொன்னேன். முதல் நாள் எதிரொலி கணீரென்று இருந்தது. சமையல் பாத்திரங்களை அடுக்கியபின் குறைந்த மாதிரி தெரியவில்லை. மெத்தைகளைப் பிரித்துப் போட்டதும் பாதி போய்விட்டது. புத்தகங்களை அலமாரியில் அடுக்கியதும் இன்னும் கொஞ்சம். ஆறாம் நாள் மகள் ஜன்னலுக்குத் திரைச்சீலை மாட்டினாள், அன்று அம்மாவின் குரல் பழையபடி அம்மாவின் குரலாகிவிட்டது. அதனால் நாவலில் ஒரு திருத்தம் செய்தேன். லஸ்கர் வீட்டில் பாத்திரம் பண்டத்தை விட்டுவிட்டு மெத்தையையும் நெல் மூட்டையையும் முதலில் கடத்துகிறார்கள். எட்டிப் பார்க்கிறவருக்கு வீடு வீடாகவே தெரியும், கேட்கிறவளுக்கு மட்டும் காலி.

அதே வாரம் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள். அது 2025, தேதி தவறவில்லை. மாதம் முடிவதற்குள் எங்கள் காவிரியிலும் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் ஈர மண் வாசனை, அப்புறம் நுரையும் சருகுமாகக் கலங்கல், அப்புறம்தான் ஆறு. அம்மா ஒரு சொம்பில் மொண்டு வந்து நிலைப்படியில் தெளித்தாள். நான் விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, இரண்டே நாளில் பதினான்காம் அத்தியாயத்தை முடித்தேன். கிழவி மூன்று பக்கம் பேசினாள். "அன்னிக்கு ராத்திரி அவன் கொரலு அவன் வீட்லேருந்து வரல சார். கெணத்துக்குள்ள நின்னு பேசுறாப்ல இருந்துச்சு" என்று தொடங்கினாள்.

என்னால் இன்னும் பத்து நிமிஷத்துக்கு மேல் சத்தமாக வாசிக்க முடியாது. அதனால் மகள்தான் அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினாள். அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் நடந்தது.

"எல்லாம் சரி. கெழவிக்கு ஒண்ணுமே தெரியலன்னு எழுதிருக்கியே, அது தப்பு. பொர விழுந்த கண்ணுக்கு வெளக்கு தெரியும்டி. மூஞ்சிதான் தெரியாது. வெளக்கச் சுத்தி பெருசா ஒரு வட்டம் போட்டாப்ல தெரியும்."

"எப்பவுமா?"

"ராத்திரிலதான் ரொம்ப. தெரு லைட்டப் பாத்தா நெலாவுக்குக் கோட்ட கட்டுன மாதிரி இருக்கும்."

நோட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அப்படியானால் அன்று ராத்திரி லஸ்கர் வீட்டு வாசலில் எத்தனை வட்டம் நகர்ந்தது என்பதும் கிழவிக்குத் தெரிந்திருக்கும். டப்பாவிலிருந்து ஒரு புதுச் சீட்டை எடுத்து 43 என்று எண் போட்டேன்.